ரெசொல்யூட் பே – கிரீஸ் ஃபியர்டு: 383 கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

கேள்வி: கனடாவின் நுனாவுட் பகுதியில் ரெசொல்யூட் பே விமான நிலையத்திலிருந்து கிரீஸ் ஃபியர்டு விமான நிலையத்துக்கு எவ்வளவு தூரம்? பறக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு தளம் 383 கி.மீ., 59 நிமிடம் என்கிறது. இன்னொன்று 385 கி.மீ., 29 நிமிடம் என்கிறது. எதை நம்புவது?

பதில்: தூரத்தில் இரண்டையும் நம்பலாம். நேரத்தில் இரண்டையும் நம்ப வேண்டாம். ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் விமானம் கிளம்பினால்தான். கிளம்பாத நாட்களும் அங்கே உண்டு.

முதலில் தூரம். ரெசொல்யூட் பே கார்ன்வாலிஸ் தீவின் தென்கரையில் இருக்கிறது. அதன் விமான நிலையம் வடக்கு அட்சரேகை 74.72 பாகை, மேற்குத் தீர்க்கரேகை 94.97 பாகை. கிரீஸ் ஃபியர்டு எல்ஸ்மியர் தீவின் தென்கரையில் உள்ள ஊர். கனடாவில் பொதுமக்கள் குடியிருக்கும் ஊர்களில் இதற்கு வடக்கே வேறு ஊர் கிடையாது. அங்குள்ள விமான நிலையம் வடக்கு 76.43, மேற்கு 82.91. இந்த நான்கு எண்கள் கையில் இருந்தால் எந்தத் தளமும் தேவையில்லை, ஒரு துண்டுத்தாள் போதும்.

அட்சரேகையில் வித்தியாசம் 1.71 பாகை. ஒரு பாகை எங்கே அளந்தாலும் சுமார் 111 கி.மீ. ஆகவே வடக்கே 190 கி.மீ. தீர்க்கரேகையில் வித்தியாசம் 12.06 பாகை. நிலநடுக்கோட்டில் என்றால் இது 1,300 கி.மீ.க்கு மேல் போய்விடும். ஆனால் தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்குகின்றன, உரித்த ஆரஞ்சின் சுளைகள் காம்பருகே ஒடுங்குவது போல. இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில், 75.6 பாகை அளவில், ஒரு தீர்க்கரேகைப் பாகையின் அகலம் வெறும் 27.7 கி.மீ. ஆக, கிழக்கே 334 கி.மீ. இனிப் பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ்: 190-இன் வர்க்கம், 334-இன் வர்க்கம், கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 384. உருண்டைக்கான முறையான சூத்திரத்தைப் போட்டாலும் 383-தான் வருகிறது. உங்கள் இரண்டாவது தளம் 385 என்பதும் பிழையில்லை. அது பூமியைச் சரியான பந்தாக எடுத்துக்கொள்ளாமல், துருவங்களில் சற்றுத் தட்டையான உருவமாக எடுத்துக் கணக்கிட்டிருக்கும். விமானிகளின் கணக்கில் இது ஏறத்தாழ 207 கடல் மைல். டொரண்டோவிலிருந்து ஒட்டாவா வரையுள்ள வான்தூரத்தைவிட இருபது கிலோமீட்டர்தான் கூடுதல்.

சுவரில் மாட்டும் உலகப் படத்தில் பார்த்தால் இதை நம்ப முடியாது. அந்த வகைப் படங்கள் 75 பாகைக்கு மேலே நிலத்தை நாலு மடங்கு இழுத்துக் காட்டுகின்றன. இரண்டு ஊர்களும் ஆளுக்கொரு மூலையில் கிடப்பதாகத் தோன்றும். முன்பு என்னிடம் இதே கேள்வியைக் கேட்ட ஒருவர் அப்படிப்பட்ட படத்தில் அளவுகோல் வைத்து அளந்துவிட்டு, 1,500 கி.மீ. என்று அடித்துச் சொன்னார். குறை அவருடையதல்ல, படத்துடையது.

இனி நேரம். தளங்கள் எப்படிக் கணக்கிடுகின்றன என்பதில் மர்மம் ஏதுமில்லை. தூரத்தை மணிக்கு 800 கி.மீ. என்ற ஜெட் வேகத்தால் வகுக்கின்றன: 383-ஐ 800-ஆல் வகுத்தால் 29 நிமிடம். சற்று யோசிக்கும் தளமாக இருந்தால் ஏறவும் இறங்கவும் அரைமணி நேரம் சேர்க்கும்: 59 நிமிடம். உங்கள் இரண்டு விடைகளும் வந்த வழி இவ்வளவுதான். இந்தப் பாதையில் எந்த விமானம் பறக்கிறது என்று இரண்டு தளங்களும் கேட்கவே இல்லை.

கிரீஸ் ஃபியர்டின் ஓடுபாதை சரளைக்கல் பரப்பியது. நீளம் ஐந்நூற்றுச் சொச்சம் மீட்டர். பக்கத்திலேயே மலை, எதிரே கடல். அங்கே ஜெட் இறங்க முடியாது. இறங்குவது ட்வின் ஆட்டர். 1965-இல் முதன்முதலாகப் பறந்த, கனடாவிலேயே உருவான, இரட்டை எஞ்சின் விமானம். அதிகபட்சம் 19 பேர் அமரலாம். குட்டையான ஓடுபாதையில் ஏறி இறங்குவதற்கென்றே செய்தது. சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பனிச்சறுக்குக் கட்டைகளையும் மாட்டலாம். 1988-இல் தயாரிப்பை நிறுத்தினார்கள். அதன் இடத்தை நிரப்ப வேறொன்றும் வராததால், இருபதாண்டு கழித்து வேறொரு கனடிய நிறுவனம் உரிமம் வாங்கி மறுபடி செய்யத் தொடங்கியது.

வேகத்தை மட்டும் அதனிடம் கேட்கக் கூடாது. சராசரியாக 150 நாட், அதாவது மணிக்கு 278 கி.மீ. 383 கி.மீ.க்கு 83 நிமிடம். ஓடுபாதையில் ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குமுன் ஒரு சுற்றுச் சுற்றி ஓடுபாதையையும் காற்றையும் பார்ப்பது எல்லாம் சேர்த்தால் ஒன்றரை மணி நேரம்.

இது காற்றில்லாத நாளின் கணக்கு. 30 நாட் எதிர்காற்று என்றால் 83 நிமிடம் 103 ஆகும். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 69. அந்த எதிர்காற்று ஒரு ஜெட் விமானத்துக்கு வைக்கும் தாமதம் இரண்டே நிமிடம். மெதுவாகப் போகிறவனைத்தான் காற்று அதிகம் வதைக்கும். தவிர, ட்வின் ஆட்டரில் காற்றழுத்தம் கட்டிய அறை கிடையாது. மூன்றாயிரம் மீட்டருக்கு மேலே ஏறி நல்ல காற்றைத் தேடிப் போகும் வசதியும் பெரும்பாலும் இல்லை. கீழே அடிக்கும் காற்றோடு மல்லுக்கட்டித்தான் போக வேண்டும்.

தளங்கள் காட்டாத இன்னொரு தூரமும் இருக்கிறது. பயணிக்கு இது 383 கி.மீ.; எரிபொருள் கணக்குப் போடுகிற விமானிக்கு 766 கி.மீ. காரணம், கிரீஸ் ஃபியர்டுக்கு மேலே போய்ப் பார்த்து, மூடுபனியாலோ மலையிலிருந்து பாய்ந்து வரும் குறுக்குக் காற்றாலோ இறங்க முடியவில்லை என்றால், ஒதுங்குவதற்குப் பக்கத்தில் வேறு ஊர் இல்லை. தெற்கே ஆர்க்டிக் பே என்ற ஊர் இருக்கிறது. அதன் தூரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 385 கி.மீ. வந்த வழியே திரும்பினாலும் அதே தூரம், ஆர்க்டிக் பேக்குப் போனாலும் அதே தூரம். ஆகவே கிளம்பும்போதே போக, வர, அதற்கு மேலும் முக்கால் மணி நேரம் பறக்க எரிபொருள் வேண்டும். ட்வின் ஆட்டர் மணிக்கு 300 லிட்டருக்கு மேல் குடிக்கும். அந்த எடை முழுவதும் ஏறிய பிறகு மிச்சமிருக்கும் எடைதான் மனிதர்களுக்கும் மூட்டைகளுக்கும். 19 இருக்கை என்று ஏட்டில் இருக்கும். அந்தப் பாதையில் 19 பேரை ஏற்றிப் பார்த்ததாக யாரும் என்னிடம் சொன்னதில்லை.

நான் அந்த வழியில் ஒரே ஒரு முறை போயிருக்கிறேன், ஒரு ஜூலை மாதம். ரெசொல்யூட்டில் இரண்டு நாள் காத்திருந்தோம். கடல் உருகத் தொடங்கியதும் குளிர்ந்த நீரின் மேல் மூடுபனி கிளம்பி, பக்கத்துக் கட்டடம்கூடத் தெரியாமல் மறைத்துவிட்டது. இருபத்துநாலு மணி நேரமும் வெளிச்சம் இருந்தும் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலை கூப்பிட்டார்கள். பையை நிறுத்தார்கள், பிறகு என்னையும், போட்டிருந்த தடித்த கோட்டோடும் பூட்ஸோடும், தராசில் ஏறச் சொன்னார்கள். ஊழியர் பென்சிலால் ஒரு தாளில் கூட்டினார், உதட்டைப் பிதுக்கினார், என் பையை ஓரமாக நகர்த்தி வைத்தார். "இது அடுத்ததில் வரும்" என்றார். அடுத்தது எப்போது என்று கேட்டேன். சன்னல் பக்கம் பார்த்தார். பை நாலு நாள் கழித்து வந்தது. அதுவரை மாற்றுத்துணி இல்லை. அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. இரண்டு மடங்கு எரிபொருள் கணக்கு புரிந்த பிறகு அந்த ஊழியர்மேல் இருந்த கோபம் போய்விட்டது. நாலு நாள் போட்ட காலுறையின் நினைவு மட்டும் போகவில்லை.

விமானத்துக்குள் முன்பாதி முழுவதும் சரக்கு. பால் பெட்டி, டயப்பர் மூட்டை, ஒரு ஸ்னோமொபைலின் எஞ்சின் பாகம், எல்லாவற்றையும் வலை போட்டு இறுக்கியிருந்தார்கள். பின்னால் நாங்கள் ஆறு பேர். காதில் வைத்துக்கொள்ள நுரைத் தக்கை கொடுத்தார்கள்; அது இல்லாமல் அந்த இரைச்சலில் உட்கார முடியாது. கழிப்பறை கிடையாது. ஒன்றரை மணி நேரம் என்பது இந்த இடத்தில்தான் உண்மையான அளவாக உறைக்கும். தேநீர் குடிக்காமல் ஏறுங்கள்.

பாதை அழகானது. வெலிங்டன் கால்வாயைத் தாண்டியதும் டெவன் தீவு. உலகத்தில் ஆள் குடியிராத தீவுகளில் இதுதான் பெரியது. பழுப்பு நிறத்தில் மொட்டையாக, ஒரு புதர்கூட இல்லாமல் கிடக்கிறது. பாதிவழியில் வலப்பக்கச் சன்னலில் கண் வைத்திருங்கள். பாதைக்குச் சற்றே தெற்கில், விண்கல் விழுந்து உண்டான ஹாட்டன் பள்ளம் இருக்கிறது, இருபது கி.மீ.க்கு மேல் அகலம். செவ்வாய்க் கோளின் தரையை ஒத்திருப்பதால் நாசாவின் ஆதரவோடு ஆய்வாளர்கள் கோடைதோறும் அங்கே முகாமிட்டு வந்தார்கள். எனக்கு அன்று மேகம். பிறகு ஜோன்ஸ் நீரிணை, மிதக்கும் பனிப்பாளங்கள், எதிரே எல்ஸ்மியரின் மலைகள். கடைசியில் விமானம் மலைப் பக்கமாகச் சாய்ந்து திரும்பும்போது, இறக்கை நுனி பாறையைத் தொட்டுவிடும் போல இருக்கும். தொடாது, ஆனால் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அப்போது பேச்சை நிறுத்தியிருந்தார்கள்.

தூரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். திசையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பகுதியில் பறப்பதில் நிஜமான சிக்கல் அதுதான். இரண்டு ஊர்களுக்கும் இடையே மிகக் குறுகிய பாதை ஒரே கோடுதான், வளைவே இல்லை. ஆனாலும் ரெசொல்யூட்டில் கிளம்பும்போது அது உண்மை வடக்கிலிருந்து 55 பாகையில் இருக்கிறது; கிரீஸ் ஃபியர்டு வந்து சேரும்போது 66 பாகை. நேராகப் போய்க்கொண்டே இருக்கும்போது திசை எண் மட்டும் பதினோரு, பன்னிரண்டு பாகை மாறிவிடுகிறது. தீர்க்கரேகைகள் ஒடுங்கும் இடத்தில் "வடக்கு" என்பதே ஊருக்கு ஊர் திரும்பிக்கொள்கிறது.

காந்த ஊசியின் கதை இன்னும் மோசம். காந்த வடதுருவத்தை 1831-இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் முதன்முதலாகக் கண்டுபிடித்தது இதற்குத் தெற்கே, பூத்தியா தீபகற்பத்தில். அது அங்கேயே நிற்கவில்லை. கனடாவின் ஆர்க்டிக் தீவுகளுக்கிடையே நகர்ந்து, இப்போது சைபீரியாவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. அது இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது காந்தவிசை ஊசியைப் பக்கவாட்டில் இழுப்பதைவிடக் கீழ்நோக்கியே இழுக்கும். ஊசி தள்ளாடும்; நம்பத்தக்கதல்ல. அதனால் கனடாவின் வடக்கு வான்பகுதியில் காந்த வடக்கைக் கைவிட்டு, உண்மை வடக்கை வைத்தே ஓடுபாதைக்கு எண் கொடுக்கிறார்கள். ரெசொல்யூட்டின் ஓடுபாதை எண்கள் 17, 35 இரண்டின் பின்னாலும் 'டி' ('ட்ரூ', அதாவது உண்மை) என்ற எழுத்து நிற்பது அதற்காகத்தான். ஜிபிஎஸ் வருவதற்கு முன்பு விமானிகள் சூரியனின் நிலையைப் பார்த்துத் திசையைச் சரிபார்க்கும் கருவியை வைத்திருந்தார்கள். சுழல்காட்டியை (ஜைரோஸ்கோப்பை) நம்பினாலும், பூமி சுழல்வதற்கான திருத்தத்தைச் செய்யாவிட்டால் அது இந்த அட்சரேகையில் மணிக்கு 14 பாகைக்கு மேல் விலகிப்போகும்.

இது ஏட்டுச் சிக்கல் என்று நினைக்க வேண்டாம். 2011 ஆகஸ்ட் 20 அன்று யெல்லோநைஃபிலிருந்து ரெசொல்யூட்டுக்கு வந்த ஒரு போயிங் 737 இறங்கும் நேரத்தில், ஓடுபாதைக்குக் கிழக்கே ஏறத்தாழ ஒரு கடல் மைல் தள்ளியிருந்த மலைச்சரிவில் மோதியது. பதினைந்து பேரில் பன்னிரண்டு பேர் இறந்தார்கள். விசாரணையில் பல காரணங்கள் வெளிவந்தன; அவற்றில் ஒன்று, இறுதிக் கட்டத்தில் விமானத்தின் திசைகாட்டி 17 பாகை பிழையாகக் காட்டிக்கொண்டிருந்தது. தானியங்கிக் கருவி ஓடுபாதையின் சமிக்ஞையைப் பின்தொடராமல், பிழையான அந்தத் திசையைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறது. ஜிபிஎஸ் பாதை விலகியதைக் காட்டியும் விமானிகள் இறக்கத்தைக் கைவிடவில்லை. அன்று பக்கத்தில் ராணுவப் பயிற்சி நடந்துகொண்டிருந்ததால் உதவி உடனே வந்தது. பிழைத்த மூவருக்கு அது பெரிய காரணம்.

தூரம் என்ற சொல்லுக்கு இந்த இரண்டு ஊர்களிலும் இன்னொரு பொருளும் உண்டு. 1953-இல் கனடிய அரசு வட கியூபெக்கின் இனுக்ஜுவாக் என்ற ஊரிலிருந்து ஆர்க்டிக் பூர்வகுடிகளான இனுயிட் குடும்பங்களைக் கப்பலேற்றி ஏறத்தாழ 2,000 கி.மீ. வடக்கே கொண்டுவந்து இறக்கியது. வேட்டை நன்றாகக் கிடைக்கும், விரும்பினால் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் கூட்டிவந்தார்கள். எல்லோரும் ஒன்றாக இருப்போம் என்று நம்பி ஏறியவர்களுக்கு, ஒரு பகுதியினர் ரெசொல்யூட்டுக்கும் மற்றவர்கள் எல்ஸ்மியர் தீவுக்கும் என்பது கப்பலில்தான் தெரிந்தது. அன்று இடையில் விமானம் இல்லை; 383 கி.மீ.யும் கடலும் பனியும் டெவன் தீவும் இருந்தன. அரசு முறைப்படி மன்னிப்புக் கேட்டது 2010-இல். அந்த ஆண்டே இரண்டு ஊர்களிலும் கற்சிலைகள் வைத்தார்கள். ரெசொல்யூட்டில் சிமியோனி அமகோவாலிக் செதுக்கிய ஆண் தனியாக நின்று கிரீஸ் ஃபியர்டுத் திசையைப் பார்க்கிறான். கிரீஸ் ஃபியர்டில் லூட்டி பிஜாமினி செதுக்கிய பெண், குழந்தையோடும் நாயோடும், ரெசொல்யூட்டுத் திசையைப் பார்க்கிறாள். கிரீஸ் ஃபியர்டுச் சிலையை இறங்கிய அன்றே போய்ப் பார்த்தேன். மாற்றுத்துணி இல்லாத கவலை அதோடு போயிற்று.

பெயர்கள் பற்றி ஒரு வார்த்தை. கிரீஸ் ஃபியர்டுக்கும் கிரேக்க நாட்டுக்கும் தொடர்பில்லை. நார்வேக்காரரான ஓட்டோ ஸ்வெர்ட்ரப் வைத்த பெயர். அவர் மொழியில் 'பன்றிக் கழிமுகம்'. வால்ரஸ்கள் போடும் சத்தம் பன்றியின் உறுமலாகக் கேட்டதாம். இனுயிட் மக்கள் அந்த ஊரை அவுயுயிட்டுக் என்கிறார்கள்: உருகாத இடம். ரெசொல்யூட்டை கவுசுயிட்டுக் என்கிறார்கள்: விடியாத இடம். நவம்பர் தொடக்கத்திலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை அங்கே சூரியன் எழுவதில்லை. வந்து பார்த்துவிட்டுப் போனவர் வைத்த பெயரைவிட, இருந்து பார்த்தவர்கள் வைத்த பெயர்தான் பொருத்தம்.

நீங்கள் நிஜமாகவே போக நினைத்தால், ஒட்டாவாவிலிருந்து நுனாவுட்டின் தலைநகரான இக்காலுயிட் சுமார் 2,100 கி.மீ.; இக்காலுயிட்டிலிருந்து ரெசொல்யூட் சுமார் 1,575 கி.மீ. இவ்வளவும் கடந்த பிறகுதான் இந்த 383. கடைசித் துண்டுதான் மிகச் சிறியது, அதில்தான் நாட்கள் அதிகம் போகும். முன்னும் பின்னும் இரண்டு மூன்று நாள் கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள். கட்டாயம் தேவையான மருந்தைப் பையில் போடாமல் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பயண நேரத்தை டிக்கெட்டில் பார்த்துக் கணக்கிடுகிறவர்கள் சறுக்கும் ஓரிடம் பாக்கி. ரெசொல்யூட் மத்திய நேரத்தைப் பின்பற்றுகிறது. கிரீஸ் ஃபியர்டு கிழக்கு நேரம், ஒரு மணி நேரம் முன்னால். காலை 10 மணிக்கு ரெசொல்யூட்டில் கிளம்பினால் 12.30-க்குக் கிரீஸ் ஃபியர்டு. இரண்டரை மணி நேரப் பயணம் போலத் தெரியும். திரும்பும்போது 2 மணிக்குக் கிளம்பி 2.30-க்கு வந்துவிடுவதாக அச்சாகியிருக்கும். உங்கள் இரண்டாவது தளத்தின் 29 நிமிடம் பொருந்தி வருவது அங்கே மட்டும்தான்.